மரக்கறி உணவிலிருந்து போதிய புரதத்தைப் பெறுவது எப்படி?

சொந்த இடத்துக்குத் திரும்பிய முதல் மாதங்களில் பெரும்பாலான வீடுகளின் சமையல் ஒரே மாதிரித்தான் இருக்கும். பங்கீட்டில் கிடைத்த அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி, வளவில் தப்பி நின்ற முருங்கை, ஒரு தேங்காய். மாடும் கோழியும் இல்லை. சந்தை தூரம். பரம்பரையாக மச்சம் சாப்பிடாத குடும்பங்கள் இருக்கின்றன. மச்சம் சாப்பிடும் குடும்பங்களும் கையில் காசு இல்லாததால் கிழமையில் ஐந்தாறு நாட்கள் மரக்கறியோடுதான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

"மீனும் இறைச்சியும் இல்லாமல் பிள்ளைகள் எப்படி வளரும்?" என்று தாய்மார் கேட்பது நியாயமான கேள்வி. மரக்கறி உணவிலிருந்தே போதிய புரதம் கிடைக்கும். ஆனால் சோறும் சொதியும் மட்டும் சாப்பிட்டால் கிடைக்காது. எதை, எவ்வளவு, எதனோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பதை இந்தப் பகுதி விளக்குகிறது.

புரதம் எதற்காக?

தசை, தோல், முடி, இரத்தம் எல்லாவற்றின் உருவாக்கத்துக்கும் புரதம் தேவை. நோயை எதிர்க்கும் சக்திக்கும், காயம் ஆறுவதற்கும் அது வேண்டும். வளரும் பிள்ளைக்கும், கர்ப்பிணித் தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், நோயிலிருந்து தேறுபவருக்கும் தேவை இன்னும் கூடும். முகாமில் நீண்ட காலம் இருந்து மெலிந்து வந்தவர்களும் இழந்த உடற்பலத்தைத் திரும்பப் பெற வேண்டியவர்கள்தான்.

இங்கு ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். வயிறு நிறையாத ஒருவர் சாப்பிடும் புரதத்தை உடல் விறகைப் போல எரித்துச் சக்தியாக்கிவிடும். உடலைக் கட்ட அது எஞ்சாது. ஆகவே சோறு, பிட்டு, எண்ணெய், தேங்காய் என்பவற்றைக் குறைத்துவிட்டுப் பருப்பை மட்டும் கூட்டுவதால் பயனில்லை. இரண்டும் போதியளவு இருக்க வேண்டும்.

ஒருவருக்கு எவ்வளவு தேவை?

மரக்கறி உணவு மட்டும் உண்ணும் வளர்ந்தோருக்கு, தமது நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 50 கிலோ நிறையுள்ளவருக்கு 50 கிராம். 60 கிலோ நிறையுள்ளவருக்கு 60 கிராம்.

ஒன்று முதல் மூன்று வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 12 முதல் 15 கிராம் வரையும், நான்கு முதல் ஆறு வயது வரையான பிள்ளைக்கு 17 முதல் 20 கிராம் வரையும் தேவை. கர்ப்பிணித் தாய்க்குக் கடைசி மூன்று மாதங்களில் வழக்கமான அளவைவிட ஏறத்தாழ 30 கிராம் கூடுதலாகவும், பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் ஏறத்தாழ 20 கிராம் கூடுதலாகவும் வேண்டும்.

எந்த உணவில் எவ்வளவு இருக்கிறது?

சமைக்காத 100 கிராமில் உள்ள புரதத்தின் அளவு ஏறத்தாழப் பின்வருமாறு:

சோயா மீற்: 50 கிராம்
சோயா அவரை: 36 முதல் 40 கிராம் வரை
பருப்பு, பயறு, உழுந்து, கௌபி: 24 கிராம்
கச்சான்: 25 கிராம்
பால்மா: 25 கிராம்
கடலை: 17 முதல் 20 கிராம் வரை
எள்ளு: 18 கிராம்
கோதுமை மா: 10 கிராம்
அரிசி, குரக்கன்: 7 கிராம்
அகத்தியிலை: 8 கிராம்
முருங்கையிலை: 6 முதல் 7 கிராம் வரை
பசுப்பால்: 3 கிராமுக்குச் சற்று மேல்
மரவள்ளிக் கிழங்கு: 1 கிராம்

இந்தப் பட்டியலில் இரண்டு விடயங்களைப் பாருங்கள். முதலாவது, ஒரு கிலோ பருப்பிலும் ஒரு கிலோ பால்மாவிலும் உள்ள புரதம் ஏறத்தாழ ஒரே அளவு. இரண்டின் விலையையும் கடையில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பாலில் கல்சியமும் வேறு சத்துக்களும் இருப்பதால் முடிந்தால் அதையும் வாங்கலாம். ஆனால் கையில் உள்ள காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், புரதத்துக்காகப் பருப்பையோ பயறையோ வாங்குவது இலாபம்.

இரண்டாவது, மரவள்ளியும் ஒடியல் மாவும் பசியாற்றும்; ஆனால் அவற்றில் புரதம் மிகக் குறைவு. அவற்றை உண்ணும் நாளில் பக்கத்தில் பயறோ கடலையோ கட்டாயம் இருக்க வேண்டும். மீன் போடாமல் ஒடியற் கூழ் காய்ச்சும்போது அதில் கௌபி, பலாக்கொட்டை, முருங்கையிலை ஆகியவற்றைத் தாராளமாகச் சேருங்கள். மீன் தந்த புரதத்தின் இடத்தை வெறும் மரவள்ளித் துண்டுகளால் நிரப்ப முடியாது.

தானியமும் பருப்பும் சேர வேண்டும்

புரதம் அமினோ அமிலங்கள் என்னும் சிறு துண்டுகளால் ஆனது. அவற்றுள் சிலவற்றை நமது உடலால் தயாரிக்க முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைய உண்டு. பருப்பு வகைகளில் மெதியோனின் குறைவு. அது அரிசியிலும் எள்ளிலும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்த்துவிடும்.

எங்கள் வீடுகளின் பழைய சமையலில் இந்தச் சேர்க்கை ஏற்கனவே இருக்கிறது. அரிசியும் உழுந்தும் சேர்ந்த தோசை, இட்லி, பயறு போட்ட பொங்கல், பயறு உள்ளே வைத்த மோதகம், கொழுக்கட்டை, உழுத்தம்மா கலந்த பிட்டு, நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி, எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம். பூப்பெய்திய பிள்ளைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் உழுத்தங்களி கொடுத்த பாட்டிமாருக்கு அமினோ அமிலம் தெரியாது. ஆனால் எந்த உடலுக்கு எது வேண்டும் என்று தெரிந்திருந்தது. இந்த உணவுகளை விசேட நாளுக்கென ஒதுக்காமல் கிழமைச் சமையலுக்குள் கொண்டுவாருங்கள்.

இரண்டையும் ஒரே கோப்பையில் சாப்பிட்டாக வேண்டும் என்பதில்லை. காலையில் பிட்டும் மாலையில் அவித்த கடலையும் சாப்பிட்டாலும் ஒரே நாளுக்குள் இரண்டும் உடலில் சேர்ந்துவிடும்.

ஒரு நாள் கணக்கு

50 கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு நாளில் 300 கிராம் அரிசியும் 100 கிராம் கோதுமை மாவும் சாப்பிடுகிறார் என்று வைப்போம். அரிசியிலிருந்து 21 கிராம், மாவிலிருந்து 10 கிராம். மொத்தம் 31 கிராம் புரதம். இது போதாது. இதனுடன் இரண்டு பிடி பருப்பு, அதாவது ஏறத்தாழ 60 கிராம் சேர்ந்தால் இன்னும் 14 கிராம். ஒரு சிறு பிடி கச்சான், 25 கிராம் அளவில், 6 கிராம் தரும். முருங்கையிலை வறை 50 கிராம் இலையில் செய்தால் 3 கிராம். இப்போது மொத்தம் 54 கிராம். தேவை நிறைவேறிவிட்டது.

ஆகவே இலகுவாக நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: நாளொன்றுக்கு வளர்ந்த ஒருவருக்கு இரண்டு பிடி, பிள்ளை ஒருவருக்கு ஒரு பிடி பருப்பு வகை. ஒரு பிடி என்பது சமைக்காத நிலையில் ஏறத்தாழ 30 கிராம். கைக்குக் கை வேறுபடும் என்பதால், உங்கள் வீட்டுப் பேணியில் எத்தனை கிராம் பருப்பு பிடிக்கிறது என்று ஒருமுறை கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பெரியவர்களும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஏழு பிடி, அதாவது 210 கிராம் வேண்டும். மாதத்துக்கு ஆறு கிலோவுக்குச் சற்று மேல். பங்கீட்டில் கிடைக்கும் பருப்பு இதற்குக் குறைவாக இருந்தால், எவ்வளவு குறைகிறது என்பது இந்தக் கணக்கால் தெரியும். பங்கீடு ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே கிடைக்கும். அது நின்ற பின் வாங்க வேண்டியவற்றுள் பருப்பு வகையை முதலில் எழுதுங்கள். சீனியையும் பிஸ்கட்டையும் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு உதாரணம்:

காலை: உழுத்தம்மா கலந்த பிட்டு, அல்லது ரொட்டியும் கட்டிப் பருப்பும்.
பத்து மணி: பிள்ளைகளுக்கு ஒரு எள்ளுருண்டை அல்லது சிறிது கச்சான்.
மதியம்: சோறு, பருப்புக் கறி, முருங்கையிலை அல்லது வேறு கீரை, ஒரு மரக்கறி, மோர் இருந்தால் மோர்.
மாலை: அவித்த கடலை, கௌபி அல்லது முளைப்பயறு, தேங்காய்ப்பூவுடன்.
இரவு: தோசை, இடியப்பம் அல்லது பயறு போட்ட கஞ்சி. சோயா மீற் கறி கிழமையில் இரண்டு மூன்று நாட்கள்.

சமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

பயறு, கடலை, கௌபி ஆகியவற்றை இரவில் ஊறவைத்துவிடுங்கள். ஊறிய தானியம் விரைவில் அவியும், விறகு மிச்சம். ஊறிய நீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் வயிற்றுப் பொருமல் குறையும். உள்ளி, இஞ்சி, சீரகம், பெருங்காயம் ஆகியவையும் உதவும். நீண்ட காலம் கடலை, கௌபி சாப்பிடாதவர்கள் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டிச் செல்லலாம்.

பயறை முளைக்கவிட இயலும் வீடுகளில் அப்படிச் செய்வது நல்லது. ஊறிய பயறைச் சுத்தமான ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் வைத்தால் முளைவரும். முளைக்கும்போதும் தோசை மா புளிக்கும்போதும், தானியத்தில் உள்ள இரும்பும் நாகமும் உடலில் சேருவது இலகுவாகிறது. முளைப்பயறைப் பச்சையாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், அவித்துக் கொடுங்கள்.

சோயா அவரையை நன்றாக அவித்தோ வறுத்து மாவாக்கியோ மட்டும் உண்ண வேண்டும். அரைவேக்காட்டுச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. சோயா மீற்றைக் கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்த பின் கறியாக்குங்கள். பைக்கற்றில் வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம் இருப்பதால், அதைப் பாவித்தால் கறிக்கு வேறு உப்புச் சேர்க்காதீர்கள்.

சிறு பிள்ளைகளுக்கு

ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன் பின் வேறு உணவு தொடங்கினாலும் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடருங்கள்.

பல வீடுகளில் குழந்தைக்குப் "பருப்புத் தண்ணி" கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பருப்பை அவித்து மேலே தெளிந்து நிற்கும் நீரைக் கொடுப்பார்கள். அந்த நீரில் புரதம் மிகச் சொற்பம். சத்து கீழே உள்ள பருப்பில்தான் இருக்கிறது. பருப்பையே நன்றாக அவித்து மசித்துச் சோற்றுடன் குழைத்து, கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் ஊட்டுங்கள். கஞ்சித் தண்ணீர், தேநீர், தேநீரில் தோய்த்த பிஸ்கட், தண்ணீரில் கரைத்த ரின்பால் ஆகியவையும் வயிற்றை நிரப்புமே தவிர வளர்ச்சிக்கு உதவாது.

குழந்தையின் வயிறு சிறியது. பருப்பும் சோறும் இடத்தை அடைத்துக்கொள்ளும் உணவுகள். ஆகவே குழைத்த உணவில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் அல்லது கட்டித் தேங்காய்ப்பால் சேருங்கள். ஒரு வயதுக்குப் பின் நாளொன்றுக்கு மூன்று பிரதான உணவும் இடையில் இரண்டு சிற்றுணவும் கொடுங்கள். கச்சானை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கக்கூடும்; ஐந்து வயது வரை அரைத்தே கொடுக்க வேண்டும்.

நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் கிளினிக்கில் திரிபோஷா கிடைக்கும். சோளம், சோயா, பால்மா ஆகியவற்றால் செய்யப்படுவதால் சைவ உணவுக்காரரும் உண்ணலாம். 50 கிராம் திரிபோஷாவில் ஏறத்தாழ 10 கிராம் புரதம் இருக்கிறது. அது யாருடைய பெயரில் கிடைத்ததோ அவருக்கே உரியது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் உருண்டை பிடித்துப் பகிர்ந்தால், தேவைப்பட்ட பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது. அதைக் கொடுப்பதற்காக வழக்கமான சாப்பாட்டைக் குறைக்கவும் கூடாது.

தாய்மார், முதியோர், விரதகாரர்

பல வீடுகளில் தாய் கடைசியாகச் சாப்பிடுகிறார். சட்டியில் மிஞ்சுவது சோறும் குழம்பும்தான், பருப்பு முடிந்துவிடும். கர்ப்பிணியாகவோ பாலூட்டுபவராகவோ இருந்தால் அவருடைய பங்கை முதலே எடுத்து மூடி வையுங்கள். அவருக்கு நாளொன்றுக்கு மூன்று பிடி பருப்பு வகையும், கிடைத்தால் ஒரு கோப்பைப் பாலும் வேண்டும். விரத நாட்களில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நோயாளரும் பட்டினி இருப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பல்லில்லாத முதியோருக்குக் கடலையும் கச்சானும் கடினம். உழுத்தங்களி, பயற்றங் கஞ்சி, குழைத்த பருப்பு ஆகியவற்றைக் கொடுங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இரும்பும் விற்றமின் பி12 உம்

மச்சம் சாப்பிடாதவர்கள் புரதத்துடன் இந்த இரண்டையும் கவனிக்க வேண்டும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதற்கு விற்றமின் சி உதவும். சாப்பாட்டில் தேசிக்காய் பிழியுங்கள். அல்லது நெல்லிக்காய், கொய்யாப்பழம் சாப்பிடுங்கள். சாப்பிட்ட உடன் தேநீர் குடித்தால் இரும்பு சேர்வது குறையும். ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையை நிறுத்தாமல் எடுக்க வேண்டும்.

விற்றமின் பி12 தாவர உணவுகளில் இல்லை. பால், தயிர், மோர், முட்டை ஆகியவற்றில் உண்டு. இவற்றில் எதையும் உண்ணாதவர்கள், சிறப்பாகக் கர்ப்பிணிகள், அதை வைத்தியரிடம் சொல்லி மாத்திரை பெறுவது அவசியம்.

வளவிலும் வயலிலும்

எதை நடுவதற்கு முன்பும், அந்தக் காணி வெடிபொருட்கள் அகற்றப்பட்டது என்று அறிவிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கீரை பறிக்கவோ விறகு எடுக்கவோ அறிவிக்கப்படாத பற்றைக்குள் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

முருங்கைக் கிளையை வேலியில் நட்டால் சில மாதங்களில் இலை பறிக்கலாம். அகத்தி விதையிலிருந்து விரைவாக வளரும். பாறணை நாளுக்கு மட்டும் தேடும் அந்தக் கீரையை மற்ற நாட்களிலும் சமைக்கலாம். பயறு, கௌபி, உழுந்து ஆகியவை இரண்டு முதல் இரண்டரை மாதங்களில் பலன் தரும். உழுந்தை ஐப்பசி, கார்த்திகை மழையோடு விதைக்கலாம். நெல் அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் ஈரத்தில் பயறு போடலாம். இப்பயிர்களின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்ப்பதால், நீண்ட நாள் தரிசாகக் கிடந்த நிலத்துக்கும் நல்லது. விதை பற்றிக் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். விளைந்ததில் முழுவதையும் விற்காமல், வீட்டுச் சாப்பாட்டுக்கும் அடுத்த விதைப்புக்கும் முதலில் ஒதுக்குங்கள்.

சேமிப்பதற்கு முன் பருப்பு வகைகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத கலனில் போட்டு, நிலத்தில் படாமல் பலகை மேல் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த, கைப்பான கச்சானை உண்ணக் கூடாது. கழுவினாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது.

வயிற்றோட்டம் வந்தால் சாப்பிட்ட சத்தெல்லாம் வீணாகும். கிணறு இறைத்துக் குளோரின் இடப்படும் வரையும் அதன் பின்னரும் கொதித்தாறிய நீரையே குடியுங்கள். நோயின் போது உணவை நிறுத்தாதீர்கள். தேறிய பின் இரண்டு கிழமைக்குப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை உணவு கூடுதலாகக் கொடுங்கள்.

எப்போது உதவி பெற வேண்டும்?

பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடமோ அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கோ செல்லுங்கள்:

பிள்ளையின் நிறை தொடர்ந்து இரண்டு மாதங்கள் கூடாதிருத்தல் அல்லது குறைதல்.
இரு கால்களிலும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுதல்.
முடி நிறம் மங்கி இலகுவாகக் கழருதல்.
பிள்ளை விளையாடாமல் சோர்ந்திருத்தல், உணவை மறுத்தல்.
தாய்க்குக் கடும் களைப்பு, வெளிறிய கண், மூச்சுவாங்கல்.

கால் வீங்கிய பிள்ளை கொழுத்திருப்பது போலத் தோன்றலாம். அது ஆபத்தான நிலை. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இடம்பெயர்வில் பிள்ளையின் வளர்ச்சி அட்டை தொலைந்திருந்தால், அதற்காகக் கிளினிக்குக்குப் போகாமல் இருக்க வேண்டாம். புதிய அட்டை எழுதித் தருவார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும், பார்வைக்கு நல்ல சுகமாக இருந்தாலும், உங்கள் பகுதியில் நடைபெறும் அடுத்த கிளினிக்கில் நிறுத்துப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.